முதலில் ஆபீசுக்குப் போகாதீர்கள்

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த என் சரோக்காவுக்கு,

இல்லை, இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. செத்துப்போனவர்களுக்கு நல்ல சேதியாகப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் நல்ல சேதி பாதிதான் இருக்கிறது. மீதி கோபம். இரண்டையும் கலந்துதான் எழுதமுடியும். பொறுத்துக்கொள்.

நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவர் அப்படியே நிற்கிறது. நீ தட்டினால் நான் தட்டுவேனே, அந்த இடம் இன்னும் கறுத்துக் கிடக்கிறது. உன் பக்கத்தில் இப்போது இந்தோனேசியக்காரர்கள். எங்கள் பக்கம் பூட்டு. அம்மாவை செரம்பானுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

உன் கருமாதி அன்று, தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணி பேசினார். உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கோயில் கொட்டகையில் ஒலிபெருக்கி வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு. "சரோஜா மிசி நம்ம தோட்டத்துப் பிள்ளை. நம்ம தோட்டத்துக்கே பெருமை. என்னை அப்பா மாதிரி நெனச்ச பிள்ளை."

நான் தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மாதிரி. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து நீ பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. செத்தவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பது அவருக்கு எவ்வளவு வசதி.

தோட்டத்துப் பிள்ளைகளும் அவருக்கு அப்படித்தான். உயிரோடிருந்தும் மறுத்துப் பேச முடியாதவர்கள்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

நீ தோட்டத்து வாசலுக்கு வெளியே, பெரிய சாலையோரத்து அரசாங்கக் கிளினிக்கில் மிசி, அதாவது நர்ஸ். குழந்தைகளுக்கு ஊசி. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடை. ரப்பர் பால் வெட்டப் போய்க் காலைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கட்டு. நான் அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகங்களில் சமுதாயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறைக்கு வந்தபோதுதான் அந்த முதல் பிள்ளையைப் பற்றிச் சொன்னாய்.

உன் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிவந்தது கிராணியின் மனைவி. நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னதும் அந்த அம்மாதான். பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை லயத்துப் பேச்சிலிருந்து நீயே பொறுக்கிச் சேர்த்தாய். கிராணியின் மச்சான் லோரி வைத்திருந்தான். சுங்கை காடுட் ஃபேக்டரிகளுக்குத் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவான், கொண்டுவந்து விடுவான். வயது குறைவாக இருந்தாலும் வேலை வாங்கித் தருவதாகச் சொல்வான். காலுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பான், கேசட் ரேடியோ வாங்கிக் கொடுப்பான். பிறகு ஃபேக்டரிக்குப் போகாத நாட்கள் வரும். டவுனில் ஓர் அறை. அவனும், அவனுக்குத் தெரிந்தவர்களும். இதற்குமேல் எழுதமாட்டேன். அது அந்தப் பிள்ளையுடையது.

நீ சமூகநல இலாகாவுக்குத் தெரியப்படுத்தினாய். அதிகாரி வந்தார். உனக்கு அன்று விடுப்பு; லயத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாய்.

ஜீப் நேரே ஆபீசுக்குப் போனது. எப்போதும் அப்படித்தானே? கொசு மருந்து அடிக்கிறவன் வந்தாலும், ஓட்டுக் கேட்கிறவர் வந்தாலும், முதலில் ஆபீஸ். தோட்டம் துரையின் சொத்து. ஆபீசில் சொல்லாமல் உள்ளே கால் வைப்பது மரியாதையில்லை. அங்கே குடிக்கத் தே வரும், கடிக்க பிஸ்கட் வரும். பிறகு கிராணி குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே கிராணிதான் வழிகாட்டி, கிராணிதான் மொழிபெயர்ப்பாளர்.

"சார் கேக்குறாரு. ஒனக்கு ஏதாச்சும் பிரச்சனை இருக்கான்னு. இருக்கா?"

"இல்ல."

"சத்தமா சொல்லு. சாருக்குக் கேக்கணும்ல."

"இல்லங்க சார்."

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. அந்த 'இல்லங்க சார்' ஜீப்பில் ஏறி, டவுனுக்குப் போய், மேலே போய், உண்மையாகிவிட்டது. சீக்கிரமே அவளை கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். கிராணிதான் முன்னால் நின்று நடத்தினார்.

"அவங்க கேக்கவே இல்லடி மாலா," என்றாய். "கேட்ட மாதிரி நின்னாங்க."

பிறகு உனக்குக் கிட்னி கெட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலெல்லாம் வீங்கிக் கிடந்தபோதும் நீ அதையேதான் பேசினாய். "எங்களுக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்தாங்க. பிரசவம் பாக்கச் சொல்லிக்கொடுத்தாங்க. இப்படி ஒரு பிள்ளை வந்தா எப்படிப் பேசணும்னு யாராச்சும் சொல்லிக்கொடுத்தாங்களா? நானே அவகிட்ட என்னா கேட்டேன் தெரியுமா? 'ஏன் போன?'ன்னு கேட்டேன். கேட்டவொடனே மூஞ்சிய மூடிக்கிச்சு. கதவச் சாத்துன மாதிரி."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ படிச்சவதானே. மிசிங்களுக்கு, டிரஸ்ஸருங்களுக்கு, சமூகநலக் கெபாஜிக்கான் ஆளுங்களுக்கு ஒரு வகுப்பு வையி. சும்மா படிச்சிட்டு இருக்காத."

வைத்தேன், சரோக்கா. அந்தச் சேதியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

செரம்பானில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மேலே விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. சமூகநல அதிகாரிகள், மிசிகள், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கள் வந்திருந்தார்கள். என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வகுப்பு தமிழில்தான் நடக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தேன். நம் பிள்ளையிடம் நம் மொழியில் ஒருவர் பேசினால் போதும், அவள் வாய் திறப்பாள். அப்படி நம்பினேன். உன் கிளினிக்கில் இப்போது மிசியாக இருப்பவர் ஜைத்தோன். கெடா பக்கத்து மலாய்க்காரி. பருத்த உடம்பு, பேச்சு குறைவு. தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. அவர் எதற்கு இந்த வகுப்புக்கு என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அதை இங்கே மறைக்க முடியாது, பிறகு வருகிறது.

முதலில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். இப்படி ஏமாற்றிக் கூட்டிப்போகப்பட்ட ஒரு பெண்பிள்ளையைத் தோட்டத்தில் என்னவென்று சொல்வார்கள்? சொல்லுங்கள், இடப்பக்கம் எழுதுகிறேன்.

வெட்கப்பட்டார்கள். பிறகு ஆரம்பித்தார்கள். ஓடுகாலி. ஆட்டக்காரி. ஊர் மேயுறவ. கெட்டுப்போனவ. ஒருவர் சொல்ல, இன்னொருவர் சிரித்துக்கொண்டே அதைவிடக் கூர்மையாக ஒன்று சொல்ல, சாக்கட்டி தேய்ந்தது. இடப்பக்கம் நிறைந்து வழிந்தது.

அவளைக் கூட்டிப்போனவனை?

 சாக்கட்டியை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். டிரஸ்ஸர் தங்கராஜு கடைசி வரிசையிலிருந்து சொன்னார்: "ஆம்பளன்னு சொல்லுவோம், டீச்சர்."

மண்டபம் சிரித்தது. நான் சாக்கட்டியைக் கீழே வைத்தேன். வலப்பக்கத்தை வெறுமையாகவே விட்டேன்.

இத்தனை சொற்களைச் சேர்த்துவைத்திருக்கிறோமே, சரோக்கா. யார் உட்கார்ந்து செய்தார்கள் இவற்றை? ஒரு பிள்ளையை அடிக்க இவ்வளவு, ஓர் ஆளைப் பிடிக்க ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் அடுத்த பாடம். இரண்டு நாற்காலி போட்டேன். ஒன்றில் தோட்டத்துப் பிள்ளை. எதிரே நீங்கள். பேசுங்கள். அவ்வளவுதான் சொன்னேன். வேலைக்குப் புதிதாக வந்த ஒரு சின்ன மிசி பிள்ளையாக நடிக்க வந்து உட்கார்ந்தாள். சமூகநல அதிகாரி கிருஷ்ணன் சார் எழுந்தார். நல்ல மனிதர். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. தோட்டங்களை எல்லாம் சுற்றிச் சுற்றி வெயிலில் கறுத்துப்போனவர்.

அவர் நேரே மூலைக்குப் போனார். இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் போட்டார்.

"அது யாருக்கு சார்?"

"கிராணிக்கு."

"நான் கிராணியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லணுமா?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அவரு இல்லாம எப்படிலா உள்ள போறது?"

பிறகு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். "வணக்கம் கிராணி. சௌக்கியமா? மழையெல்லாம் எப்படி, வெட்டு நடக்குதா?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிள்ளையின் பக்கம் அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

நான் சிரிக்கவில்லை. அந்தச் சின்ன மிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்வி கேட்டது கிருஷ்ணன் சார். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லும் முன் அவள் பார்த்தது காலி நாற்காலியை. அவளும் தோட்டத்தில் பிறந்தவள்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே. அந்த நாற்காலியைத் தள்ளிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. துணி போட்டு இடம் பிடித்ததுபோல அது அங்கேயே இருந்தது.

கடைசியில் நான் அதைத் தூக்கி வெளியே வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதையான சொல்.

வராந்தாவில் அது விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். தங்கராஜுதான் பேசினார். "டீச்சர் படிச்ச யுனிவர்சிட்டில தோட்டம் இருந்திச்சா? இருந்திருந்தா அங்கயும் ஒரு கிராணி இருந்திருப்பாரு."

"நான் லயத்துல பொறந்தவண்ணே. எந்தக் கிராணி எந்த ஜன்னல்லேருந்து பாப்பாருன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி," என்றார். கொஞ்சம் இறங்கிய குரலில்.

கிருஷ்ணன் சார் நாற்காலியைத் திரும்ப எடுத்துவரவில்லை. ஆனால் சொன்னார்: "கோவப்பட்டு என்னா செய்றது டீச்சர். கேட்டுல காவலுக்கு ஜாகா நிப்பான். பேரு கேப்பான். நாம லயத்துக்குப் போறதுக்குள்ள ஆபீசுக்குத் தெரிஞ்சிடும். சொல்லாம நொழைஞ்சா துரை நம்ம பெரிய ஆபீசுக்கே போன் போடுவாரு. அப்புறம் அந்தத் தோட்டத்துக்கு நான் எந்தக் காலத்துலயும் போக முடியாது. மத்த பிள்ளைங்கள யாரு பாக்கறது?"

அதில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

அப்போது ஜைத்தோன் மிசி வாய் திறந்தார். காலையிலிருந்து முதல் தடவை. மலாயில், மெதுவாக. எல்லோரும் எப்படி உள்ளே போவது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் வெளியே வருகிறார்களே. கடைக்கு வருகிறார்கள். பஸ்ஸுக்கு வருகிறார்கள். என் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

பிறகு, பெயர் சொல்லாமல், ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னார். பதினைந்து ஆகியிருக்காது. இரண்டாம் பாரத்தோடு, எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அம்மா பால் வெட்டப் போய்விடுவதால் கைக்குழந்தைத் தம்பியை ஊசிக்குத் தூக்கிவருவது இவள்தான். புதுச் சப்பாத்து. தூங்காத கண். போன தடவை மயங்கி விழுந்தாள். வெளியே ஒரு லோரி, எஞ்சினை அணைக்காமல், அவளுக்காக நிற்கிறது. ஒவ்வொரு தடவையும்.

லோரி என்ன நிறம் என்று கேட்டேன். சொன்னார்.

உன் கிளினிக், சரோக்கா. நம் தோட்டம். அதே மச்சான்.

 நீ செத்தாய். அந்த முதல் பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கும். நான் பட்டம் வாங்கினேன். பிள்ளைகளைக் காக்கப் புதுச் சட்டம் வந்தது, பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள். இத்தனையும் நடந்திருக்கிறது, அவன் மட்டும் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருக்கிறான்.

கிருஷ்ணன் சார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உன் காலத்தில் அந்த ஜீப்பில் வந்தவர் அவர் இல்லை. ஆனால் அவருடைய ஜீப்பும் ஆபீஸ் வாசலில்தானே நின்றிருக்கும், எத்தனையோ தோட்டங்களில்? நிமிர்ந்தபோது சொன்னார்: "ஒரு தே குடிச்சா ஒரு பிள்ளையோட வாய அடைக்கிறோம்னு எனக்கு யாரும் சொல்லலையே டீச்சர்."

ஊசி நாளன்று போனோம். தோட்டத்துக்குள் இல்லை. கிளினிக்குக்கு.

நான் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் ஆளாக உட்கார்ந்தேன். உன் தராசு இன்னும் அதே இடத்தில். கிருஷ்ணன் சார் வெளியே பெஞ்சில், காலை நீட்டிக்கொண்டு, வைத்தியத்துக்கு வந்தவர்போல. அவள் வந்தாள். இடுப்பில் தம்பி. வெளியே லோரி உறுமிக்கொண்டிருந்தது.

உள் அறையில் நான் பேசத் தொடங்கினேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் செய்தேன். 'ஏன்' என்று கேட்கவில்லை. அருகில் போய் இடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினேன். தங்கச்சி என்றேன். உன்மேல் தப்பில்லை, எதைச் சொன்னாலும் நான் கோபப்படமாட்டேன் என்றேன். நல்ல தமிழ். மெத்தென்ற தமிழ்.

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீங்க மல்லியம்மா மகதானே? மேட்டு லயம்?"

"ஆமா."

"ஒண்ணும் இல்லக்கா."

அதே குரல். உன் வாயால் நான் கேட்ட அந்த 'இல்லங்க சார்'. எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. என் அம்மாவுக்கு அவள் அம்மாவைத் தெரியும். என் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் லயத்துக்குப் போய்விடும் என்று அவள் நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. மண்டபத்தில் நான் தூக்கி எறிந்த மூன்றாவது நாற்காலி இந்த அறையிலும் கிடந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜைத்தோன் மிசி குழந்தையை என் கையில் கொடுத்து, கண்ணால் கதவைக் காட்டினார். எழுந்தேன். வெளியே வரும்போது அவர் கேட்டது காதில் விழுந்தது. "அடிக், போலே சாக்காப் மெலாயு?" தங்கச்சி, மலாய் பேசுவாயா?

"போலே," என்றாள் அவள். பேசுவேன்.

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, சரோக்கா. அந்த முதல் பிள்ளையிடமும் கேட்டதில்லை. தோட்டத்துப் பிள்ளை என்றால் மலாய் தெரியாது, கிராணி வேண்டும். இப்படியே முடிவுகட்டி வைத்திருந்தார்கள் அதிகாரிகள். நானும்தான். இரண்டாம் பாரம் வரை எல்லாப் பாடத்தையும் மலாயில் படித்த பிள்ளை.

கதவுக்கு வெளியே நின்றேன். முதலில் மிசியின் குரல்.  பிறகு அவள் குரல். நிற்காத குரல். சொற்கள் காதில் விழத் தொடங்கியதும் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய்விட்டேன். கேட்க எனக்கு உரிமையில்லை.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம். லோரிக்காரன் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். கிராணி இறங்கினார். தலை நன்றாக நரைத்துவிட்டது. வெள்ளைச் சட்டை, பையில் பேனா.

"என்னா இது, பிள்ளைய இவ்ளோ நேரம் வச்சிருக்கீங்க? மலாய் மிசிக்கு அவ பேசறது வெளங்காதே. நான் வந்து சொல்றேன்." கதவை நோக்கி நடந்தார்.

நான் குழந்தையோடு குறுக்கே நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை.

பெஞ்சிலிருந்து கிருஷ்ணன் சார் எழுந்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "அடடே, கிராணி! வணக்கம். சௌக்கியமா? மழையெல்லாம் எப்படி, வெட்டு நடக்குதா?"

மண்டபத்தில் காலி நாற்காலியிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

"நீங்க எங்க சார் இங்க? ஆபீசுக்கு வரலையே?"

"அதானே! எத்தனை தடவ ஒங்க ஆபீசுல தே குடிச்சிருக்கேன். இன்னிக்கு என் மொறை. வாங்க லா." தோளில் கைபோட்டு, எதிரே இருந்த தேக்கடைக்கு அழைத்துப்போனார். கிராணியால் மறுக்க முடியவில்லை. அரசாங்க ஆள் கூப்பிட்டு வரமாட்டேன் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஒரு தே. பிறகு ரொட்டி. பிறகு இன்னொரு தே. நான் இங்கிருந்து பார்த்தேன்: கிராணி எழ எழ, கிருஷ்ணன் சார் மகள் கல்யாணத்தைப் பற்றியோ எதைப் பற்றியோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் அந்தத் தே எதை மூடி வைத்ததோ, அன்று அதற்குக் காவல் இருந்தது.

நான் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அறையிலிருந்து வந்த ஜைத்தோன் மிசியின் முகம் வெந்துபோயிருந்தது. எனக்குத் தேவையானதை மட்டும் சொன்னார். கடைசியில் தயங்கி, இன்னொன்றும் சொன்னார். தமிழ் பேசும் அக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்று அவளிடம் கேட்டாராம். அதற்கு அவள், தமிழில் அதற்கெல்லாம் ஏச்சு வார்த்தைதான் இருக்கிறது மிசி, சொன்னால் நானே என்னை ஏசுவதுபோல இருக்கிறது, மலாயில் எனக்கு ஏசத் தெரியாது என்றாளாம்.

கரும்பலகையின் இடப்பக்கம் ஞாபகம் வந்தது. நான்தான் எழுதினேன், என் கையால், வரிசையாக. பிள்ளைகள் அதை என்றைக்கோ மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

நல்ல சேதி இவ்வளவுதான். அவள் பேசிவிட்டாள். கேட்க ஓர் ஆள் இருந்தார். போலீசில் புகார் ஆனது, அவனைப் பிடித்தார்கள்.

இனி மீதி.

அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. லோரி திரும்ப ஓடுகிறது. அதே சாலையில், அதே கிளினிக்கைத் தாண்டி. அவள்? அவளைப் பாதுகாக்கவேண்டுமாம். ஆகவே ஓர் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். உயரமான வேலி. வாசலில் பூட்டு. வழிதவறிய பெண்களைத் திருத்தும் இடம் அது. என்ன தவறினாள்? எதைத் திருத்துவார்கள்? குற்றம் செய்தவன் வெளியே காற்று வாங்குகிறான், குற்றத்துக்கு ஆளானவள் வரிசையில் நின்று தட்டைக் கழுவுகிறாள். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்று எந்தப் படித்த வாய் முதலில் சொன்னது?

பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த ஒரு விடுதிக்கு அவளை மாற்றக் கிருஷ்ணன் சார் அலைகிறார். மேலிடத்தில் யாரோ அவளை 'நடத்தை சரியில்லாதவள்' என்றார்களாம். "அந்தச் சொல்ல வாபஸ் வாங்குங்க, அப்புறம் பேசுவோம்னுட்டு ஒக்காந்துட்டேன் டீச்சர்," என்றார். இஸ்திரி கலைந்திருந்தது. அவர் வேலைக்கு ஆபத்து வரலாம். தெரிந்துதான் செய்கிறார்.

தோட்டத்தில் அவள் அம்மாவோடு யாரும் பேசுவதில்லை. கோயிலில் தள்ளி நிற்கச் சொன்னார்களாம். தள்ளி நிற்கவேண்டிய கிராணி முன்வரிசையில் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சிருந்தா..." முடிக்கவில்லை. நானும் முடித்துக்கொடுக்கவில்லை.

போன வாரம் ஜைத்தோன் மிசியோடு அந்த இல்லத்துக்குப் போனேன். நான் பேசவில்லை. பக்கத்தில் கூட உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றேன். போகும்போது அவளே என்னைக் கூப்பிட்டாள். தமிழில்.

"அக்கா. தம்பிக்கு அடுத்த ஊசி வருது. யாரு தூக்கிட்டுப் போவா?"

வேலிக்குள் நிற்கிற பிள்ளை கேட்டது அதை. எப்போது வெளியே விடுவார்கள் என்று கேட்கவில்லை. கேஸ் என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

அடுத்த வகுப்பு கோலா கிளாவாங்கில். முதல் பாடம், முதலில் ஆபீசுக்குப் போகாதீர்கள். இரண்டாவது பாடம், மூன்றாவது நாற்காலியைத் தேடும்போது நீங்கள் உட்கார்ந்திருப்பதையும் பாருங்கள். அந்த முதல் பிள்ளை அங்கே ஏதோ ஒரு தோட்டத்தில்தான் இருக்கிறாள். தேடிப் போகமாட்டேன். என்னைத் தேடி வந்தால், அவள் எந்த மொழியில் பேசினாலும் கேட்பேன். வராவிட்டாலும் சரி.

உனக்கு ஒரு வாக்கு. கரும்பலகையின் வலப்பக்கத்தை நிரப்பாமல் விடமாட்டேன். இவளை அந்த வேலியிலிருந்து வெளியே கொண்டுவரும்வரை ஆறவும் மாட்டேன். ஆறிவிட்டேன் என்று யாராவது உன்னிடம் வந்து சொன்னால் நம்பாதே.

நேற்று ஊசி நாள். காலை பஸ்ஸில் போய்த் தோட்டத்து வாசலில் இறங்கினேன். ஜாகா என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து கிராணி கூப்பிட்டார். "யாரப் பாக்கணும்? இங்க வந்து சொல்லிட்டுப் போம்மா!" நிற்கவில்லை. லயத்துக்குப் போய், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதே ஜன்னலைத் தாண்டி, சாலைவரை நடந்தேன். ஜைத்தோன் மிசி ஊசி போட்டார். தம்பி கொஞ்சம் அழுதான்.

சுவருக்கு இந்தப் பக்கத்துத் தங்கச்சி,
மாலா